கண்ணழுத்த நோயும் அக்குபங்சர் சிகிச்சையும்

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த திரவம் ஒன்று இடைவிடாது சுரந்து, சல்லடை போன்ற நுண்ணிய பாதை வழியே வடிந்துகொண்டிருக்கிறது. சுரப்பும் வடிதலும் சமநிலையில் உள்ளவரை, கண்ணின் உள்ளழுத்தம் பொதுவாகப் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருக்கும். வடிகால் தடைப்படின் அழுத்தம் ஏறும். அது பார்வை நரம்பை நாளடைவில் நலியச் செய்யும். இந்நரம்புச் சிதைவே கிளாக்கோமா எனப்படுகிறது. அழுத்தம் இயல்பாயிருந்தும் சிலருக்கு இந்நோய் உண்டாவதுண்டு.

இந்நோயின் பொதுவான வகையில் வலி தோன்றுவதில்லை. முதலில் குறைவது பக்கப் பார்வையே. கொல்கத்தாவின் கரியாஹாட் நடைபாதையில், கடைகளுக்கிடையே செல்லும் ஒருவர் பக்கத்தில் வருபவர்மீது அடிக்கடி மோதிக்கொள்வாராயின், அதனை நெரிசலின் விளைவென்றே கருதுவார். எதிரிலுள்ள பெயர்ப் பலகையை அவரால் தெளிவாகப் படிக்க முடியுமன்றோ!

இந்நகருக்கும் அக்குபங்சருக்கும் நெருங்கிய தொடர்புண்டு. 1938-இல் இந்தியாவிலிருந்து சீனா சென்ற மருத்துவக் குழுவில், டாக்டர் கோட்னிசுடன் பணியாற்றிய டாக்டர் பி. கே. பாசு, பின்னர் மீண்டும் அங்கு சென்று இம்முறையைக் கற்று, 1959-இல் கல்கத்தாவில் அறிமுகப்படுத்தினார். 1996-இல் மேற்கு வங்காள அரசு இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

ஆயின், இச்சிகிச்சை கண்ணழுத்தத்தைத் தணிக்குமா? ஊசி குத்துவதால் நரம்புகள் தூண்டப்பட்டு, திரவச் சுரப்போ இரத்த ஓட்டமோ மாறலாம் என்பது ஓர் ஊகம். இதனைச் சோதிப்பது எளிதன்று. கண்ணழுத்தம் ஒரே நாளில் இயல்பாகவே ஏறியிறங்கும். ஆதலின் ஊசி குத்திய பின் ஒருமுறை அளந்து, குறைந்தது என்று கூறுவது நிரூபணமாகாது. உண்மைச் சிகிச்சை பெற்றோரையும் போலிச் சிகிச்சை பெற்றோரையும் நெடுநாள் ஒப்பிடல் வேண்டும். அத்தகைய சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அறிக்கை 2007-இல் வெளிவந்து, 2013-இலும் 2020-இலும் புதுப்பிக்கப்பட்டது. சோதனைகள் மிகச் சில; பயன் உண்டென உறுதியாகக் கூற அவை போதா என்பதே அதன் முடிவு.

மாறாக, சொட்டு மருந்து, லேசர், அறுவை ஆகியவை அழுத்தத்தைக் குறைப்பது நன்கு நிறுவப்பட்டதாகும். இழந்த பார்வையை எம்முறையாலும் மீட்க இயலாது. எஞ்சியதைக் காப்பதே சிகிச்சையின் நோக்கம். எனவே அக்குபங்சரை நாடுவோரும் சொட்டு மருந்தை நிறுத்தலாகாது. அழுத்தத்தையும் பக்கப் பார்வையையும் கண் மருத்துவரிடம் முறையாகச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். நாற்பது வயதைக் கடந்தோரும், குடும்பத்தில் இந்நோய் உடையோரும் குறையேதும் தோன்றுமுன்பே இச்சோதனையைச் செய்துகொள்ளல் நன்று.