கேட்கிறவளும் சொல்கிறவனும்

கரிசல் வீட்டு டி.வி. – 11

பெரியம்மா தலையை நிமிர்த்தாமல் டி.வி. பார்ப்பாள். நாகலாபுரத்தில் எங்கள் தெருவில் அப்போது பாதி வீடுகளில் தீப்பெட்டி ஒட்டும் வேலை. அவள் முன்னால் பசைக் கிண்ணம், பக்கத்தில் அடிப்பெட்டிக் குவியல். காது மட்டும் டி.வி.யில் இருக்கும். ஒரு குரோசுக்கு 144 பெட்டி. இன்றைக்கு எத்தனை குரோசு, கூலி எவ்வளவு, அதில் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையெல்லாம் விரல் மடக்காமல் சொல்லிவிடுவாள்.

தூர்தர்ஷனில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தொடராக ஓடிய காலம் அது. ஒரு நாள் கை நிற்காமலே கேட்டாள்: “ஏ அய்யா, அந்த நாய்க்கு இருக்கிற விவரம் இந்தப் பிள்ளைக்கு இல்லாமப் போச்சே?”

நான் சிரித்தேன். கேள்வியின் கனம் புரிய வெகுநாள் ஆயிற்று.

முதலில் ஆனந்த விகடனில் வந்த கதை. 2020-களின் இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறான். பெயர் இரண்டெழுத்தைத் தாண்டக் கூடாது. பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டும். கணவன் சிபியைத் தொலைத்துவிட்டுத் தவிக்கிறாள் நிலா. வீட்டுக்கு வந்து சேரும் ரவியிடம் ஜீனோ என்ற இயந்திர நாய். கதாநாயகி நிலாதான், ஆனால் கதையின் மூளை ஜீனோ. அவள் கேட்பாள், அது சொல்லும்.

விஞ்ஞானக் கதைக்கு ஒரு சங்கடம் உண்டு. வாசகருக்குப் பழக்கமில்லாத உலகத்தை விளக்கியாக வேண்டும். அதற்கு “அப்படின்னா என்ன?” என்று கேட்க, விவரம் தெரியாத ஒரு ஆள் கதைக்குள்ளேயே வேண்டும். அந்த வேலை வழக்கமாகப் பெண்ணுக்குத்தான் போய்ச் சேருகிறது. ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று தலையை எண்ணிப் பார்த்தால் இது பிடிபடாது. யார் கேட்கிறார்கள், யார் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ‘ஸ்டார் டிரெக்’ தொடருக்காக முதலில் எடுத்த முன்னோட்டப் படத்தில் கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரி ஒரு பெண். நடித்தவர் மேஜல் பாரெட். என்.பி.சி. தொலைக்காட்சி அந்தப் படத்தை ஏற்கவில்லை. 1966-இல் தொடர் வெளிவந்தபோது அந்த அதிகாரி இல்லை. அதே பாரெட் நர்ஸாக வந்தார். பெண் கேப்டனை மையமாக வைத்து ஒரு ஸ்டார் டிரெக் தொடர் வர 1995 ஆயிற்று. ஆனாலும் அந்த முதல் தொடரில் தகவல் தொடர்பு அதிகாரி உஹூராவாக நடித்த கறுப்பினப் பெண் நிஷெல் நிக்கல்ஸ், 1977-இல் பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்வெளிப் பணிக்கு அழைக்க நாசாவோடு சேர்ந்து வேலை செய்தார். மறு வருடம் நாசா தேர்ந்தெடுத்த விண்வெளி வீரர்களில் ஆறு பேர் பெண்கள். திரையில் ஒரு நாற்காலி கிடைத்ததற்கே இவ்வளவு பலன்.

சுஜாதாவையும் குறை சொல்லி ஒதுக்கிவிட முடியாது. இந்தக் கதையின் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வில் நிலாவை ராணியாக உட்கார வைக்கிறார். ரவியும் அவன் கூட்டாளி மனோவும் ஆட்டிவைக்க நினைக்கும் பொம்மை ராணி அவள். மெல்ல மெல்லத் தானாக ஆளக் கற்றுக்கொள்கிறாள். பக்கத்தில் ஜீனோ இருக்கிறது என்பது வேறு விஷயம்.

கதை நடக்கிற அந்த 2020-கள் இப்போது வந்துவிட்டன. 2019-இல் கிளம்பிய சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநர் சென்னையைச் சேர்ந்த முத்தையா வனிதா. 2023 செப்டம்பர் 2-இல் சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. நாகலாபுரம் இருக்கிற இதே தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டியாயிற்று.

தமிழில் இனி விஞ்ஞானத் தொடர் எழுத உட்காருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் காட்சியில் ராக்கெட் ஏன் கிளம்பவில்லை என்று ஒரு ஆண் கேட்கட்டும். விடையைப் பெரியம்மா மாதிரி ஒருத்தி, கைவேலையை நிறுத்தாமல் சொல்லட்டும்.

(தொடரும்)