பதினெட்டு வாரக் கணக்கு: சிறப்பு மருத்துவத்துக்கான காத்திருப்பு எங்கே குறைகிறது?

இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்பான தேசிய சுகாதாரச் சேவையில், எலும்பு, கண், இதயம் போன்ற துறைகளின் சிறப்பு மருத்துவரை நோயாளி பெரும்பாலும் நேரடியாக அணுக முடியாது. குடும்ப மருத்துவர் பரிந்துரைத்த பிறகே அவர் மருத்துவமனையின் காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார். முன்பெல்லாம் முதல் ஆலோசனைக்கான காத்திருப்பும் அறுவை சிகிச்சைக்கான காத்திருப்பும் தனித்தனியே கணக்கிடப்பட்டதால், இடையில் ஸ்கேனுக்கும் பரிசோதனைக்கும் கழிந்த மாதங்கள் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. பரிந்துரை கிடைத்த நாள் முதல் சிகிச்சை தொடங்கும் நாள் வரையிலான முழுக் காலமும் 18 வாரங்களுக்குள் அடங்க வேண்டும் என்று 2004இல் அறிவித்து, அதை எட்ட 2008ஆம் ஆண்டின் இறுதியைக் கெடுவாக வைத்த திட்டம் இந்த இடைவெளியை அடைத்தது.

காத்திருப்போரில் 92 விழுக்காட்டினர் இந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்ற அளவுகோல் 2016க்குப் பின் எட்டப்படவில்லை. கொரோனாவுக்கு முன் சுமார் 46 லட்சமாக இருந்த பட்டியல், 2023 செப்டம்பரில் 77 லட்சத்தைக் கடந்தது. ஒருவரே இரு துறைகளுக்குக் காத்திருக்கக்கூடும் என்பதால், இது ஆட்களின் எண்ணிக்கை அன்று. சிகிச்சைக் கோரிக்கைகளின் எண்ணிக்கை.

மாதந்தோறும் சேரும் கோரிக்கைகள் முடித்துவைக்கப்படுபவற்றை விஞ்சும் வரை, விடுமுறை நாள்களில் நடத்தப்படும் கூடுதல் முகாம்கள் பழைய நிலுவையைக் கழிக்குமே தவிர, பட்டியல் மீண்டும் வளர்வதைத் தடுக்கா. ஆகவே சீர்திருத்தம் மூன்று இடங்களில் தேவைப்படுகிறது. முதலாவது நுழைவு: குடும்ப மருத்துவர் மின்வழியில் சிறப்பு மருத்துவரின் கருத்தைக் கேட்டு, இயன்றவரை தாமே சிகிச்சையளிக்கும் ஏற்பாடு, தேவையற்ற பரிந்துரைகளைத் தவிர்க்கிறது. இரண்டாவது, புறநோயாளிப் பிரிவு நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும் மறுபார்வைகள்: குறித்த தேதியில் எல்லாரையும் வரவழைக்காமல், தேவை ஏற்படும்போது நோயாளியே கேட்டு வரும் முறை, புதியவர்களுக்கு இடம் தருகிறது. மூன்றாவது அறுவை அரங்கு: அவசர நோயாளிகள் வரும்போது திட்டமிட்ட அறுவைகள் தள்ளிப்போவதால், 2004இல் எப்சம் நகரில் எலும்பு அறுவைக்கெனத் தனி மையம் தொடங்கப்பட்டது; அத்தகைய மையங்கள் பின்னர் பல இடங்களில் பெருகின.

92 விழுக்காட்டை 2029 மார்ச்சுக்குள் மீண்டும் எட்டுவதாக 2025 ஜனவரியில் அரசு அறிவித்துள்ளது. மருத்துவர்களைக் கூட்டாமல் இது கைகூடாது. எனினும் கூடுதலாக வரும் மருத்துவரின் நேரம் தேவையற்ற மறுபார்வைகளிலேயே கரைந்தால், அந்தச் செலவால் பட்டியல் குறையப்போவதில்லை.