கம்பனிக் கட்டடத்தில் வீடு கேட்கப் போகிறீர்களா?

ரொறன்ரோவுக்கு வந்த நம்மில் பலருக்கு முதல் வீடு விண்ணப்பம் போட்டுக் கிடைத்ததல்ல. "தெரிஞ்ச அண்ணை ஒருத்தரின்ர பேஸ்மெண்ட் இருக்கு, போய்ப் பாருங்கோ" என்று யாராவது சொல்வார்கள். போவோம். தேத்தண்ணி வரும். எந்த ஊர், யாருடைய மகன் என்று விசாரிப்பார்கள். கோப்பை காலியாவதற்குள் வாடகை பேசி முடிந்துவிடும்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு, வெளிச்சமுள்ள வீடு வேண்டும், பாடசாலை பக்கத்தில் வேண்டும் என்று ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் வாடகை அலுவலகத்துக்குள் நுழைகிறீர்கள். அங்கே ஊர் விசாரிக்க ஆளில்லை. கட்டடம் ஒரு கம்பனிக்குச் சொந்தம். மேசைக்கு அப்பால் இருப்பவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர். உங்களுக்கு வீடு தருவதா என்று முடிவெடுப்பவரை நீங்கள் பெரும்பாலும் பார்க்கவே மாட்டீர்கள். உங்களுக்காக உங்கள் தாள்கள்தான் பேச வேண்டும்.

பயமாக இருக்கிறதா? வேண்டாம். தாளில் நடக்கும் அலுவலில் அவர்கள் சொல்வதும் கேட்பதும்கூடத் தாளில் பதிவாகும். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு குடியிருப்பு வாடகைச் சட்டம் அண்ணையின் பேஸ்மெண்டுக்கும் பொருந்தும்தான். ஆனால் அண்ணையிடம் சட்டம் பேச நமக்கு வாய் வராது. கம்பனியிடம் பேசலாம், யாரும் மனஸ்தாபப்பட மாட்டார்கள்.

என்னென்ன தாள்கள் கேட்பார்கள்?

படத்துடன் கூடிய அடையாள அட்டை. வேலையிடத்தின் கடிதம் (எவ்வளவு காலமாக வேலை, என்ன சம்பளம் என்று அதில் இருக்க வேண்டும்). அண்மைய இரண்டு மூன்று சம்பளச் சிட்டைகள். முந்தைய வீட்டுக்காரரின் பெயர், தொலைபேசி எண். கடன் வரலாற்றைப் பார்க்க உங்கள் சம்மதக் கையெழுத்து.

சொந்தமாக லொறி ஓட்டுகிறவர், வீட்டிலிருந்து சமைத்துக் கொடுக்கிறவர் என்றால் சம்பளச் சிட்டை இருக்காது. அவர்களிடம் வருமான வரித் திணைக்களம் வருடந்தோறும் அனுப்பும் மதிப்பீட்டு அறிவித்தலைக் கேட்பார்கள். வரியைக் குறைக்க வருமானத்தைக் குறைத்துக் காட்டியவர்களுக்கு அந்தத் தாள் இங்கே எதிர்ச்சாட்சி சொல்லும்.

பேஸ்மெண்டுக்குக் காசாகத்தான் கொடுத்தேன், ரசீதே இல்லையே?

நமது ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஐந்து வருடம் ஒரு நாள் பிந்தாமல் வாடகை கட்டியிருப்பார்கள், காட்ட ஒரு துண்டுக் கடதாசி இருக்காது. வாடகைக்கு ரசீது கேட்டால் வீட்டுக்காரர் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். வீட்டை விட்டுப் போன பிறகும் 12 மாதங்களுக்குள் கேட்கலாம். "கம்பனி கேட்கிறது அண்ணை, எனக்கு வேற வழியில்லை" என்று பழியைக் கம்பனியின் மேல் போட்டுவிட்டே கேளுங்கள்.

சின் நம்பர் கொடுக்க வேண்டுமா?

சமூகக் காப்புறுதி இலக்கத்தைத்தான் இங்கே சின் என்கிறோம். விண்ணப்பப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கக்கூடும். வீட்டுக்காரருக்கு அதைக் கொடுக்கும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. பெயர், பிறந்த திகதி, முகவரி ஆகியவற்றை வைத்தே பொதுவாகக் கடன் வரலாற்றைத் தேடிவிடலாம். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

கிறெடிட் ஸ்கோர் எவ்வளவு இருக்க வேண்டும்?

கிறெடிட் ஸ்கோர் என்பது, வாங்கிய கடனை எப்படித் திருப்பிக் கட்டினீர்கள் என்பதற்கான புள்ளி. கனடாவில் அது 300 முதல் 900 வரை போகும். வாடகைக்கு இத்தனை புள்ளி வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கம்பனிக்குக் கம்பனி மாறும்.

விண்ணப்பிக்கும் முன் உங்கள் வரலாற்றை நீங்களே எடுத்துப் பாருங்கள். ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்கள் அதை வைத்திருக்கின்றன. இரண்டிலும் இலவசமாகப் பெறலாம், நீங்களே பார்ப்பதால் புள்ளி குறையாது. நமது நீளமான பெயர்களை ஆளுக்கொரு எழுத்தில் பதிந்து வைத்திருப்பார்கள். தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்ற குழப்பத்தில் வேறொருவரின் கடன் உங்கள் கணக்கில் ஏறியிருக்கவும் கூடும். பிழை இருந்தால் இப்போதே எழுதித் திருத்துங்கள்.

நான் வந்தே மூன்று மாதம்தான். எனக்குக் கிறெடிட்டே இல்லை. என்ன செய்வது?

கடன் வரலாறு இல்லாதது வேறு, கெட்ட வரலாறு இருப்பது வேறு. புதிதாக வந்தவருக்குக் கடன் வரலாறோ வாடகை வரலாறோ இல்லை என்பதை அவருக்கு எதிராக எடுக்கக்கூடாது என்பது ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவின் நிலைப்பாடு. "இங்கு முன்பு வாடகைக்கு இருந்ததில்லை" என்று உண்மையை எழுதுங்கள், வேலைக் கடிதத்தையும் வங்கிக் கணக்குக் கூற்றையும் இணையுங்கள்.

"வாடகை உங்கள் வருமானத்தில் 30 வீதத்துக்குமேல் போகிறது, ஆகவே தர முடியாது" என்று அலுவலகத்தில் சொல்லலாம். அரச உதவி வீடுகளைத் தவிர மற்ற இடங்களில் இப்படி ஒரு வீதக் கணக்கை வைத்து மறுப்பது ஒன்ராறியோவில் சட்டப்படி பிழை. வருமானத்தைக் கேட்கலாம், ஆனால் கடன் வரலாறு, வாடகை வரலாறு ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வேறு தகவலே இல்லையென்றால், வாடகை கட்டப் போதுமா என்று பார்ப்பதற்கு மட்டும் வருமானத்தை எடுக்கலாம்.

பிணையாளி (நீங்கள் கட்டாவிட்டால் கட்டுகிறேன் என்று கையெழுத்து வைப்பவர்) கேட்கலாமா? கேட்கலாம், எல்லா விண்ணப்பதாரருக்கும் அதே விதி என்றால். புதிதாகக் குடியேறியவர் என்பதற்காக உங்களிடம் மட்டும் கேட்பது பாகுபாடு. பிணைக்கு யாரைப் பிடிப்பது என்று யோசிக்கும்போது, சித்தப்பாவிடம் கேட்பதற்கு முன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தவறும் மாதத்தில் கடிதம் அவர் வீட்டுக்குப் போகும்.

ஒரு வருட வாடகையை முன்கூட்டிக் கட்டு என்று கேட்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை.

கையில் எவ்வளவு காசு வைத்திருக்க வேண்டும்?

வாடகை 2,200 டொலர் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 2,200, கடைசி மாதத்துக்கான முற்பணம் 2,200, ஆக 4,400 டொலர். சட்டப்படி அவர்கள் கேட்கக்கூடியது அவ்வளவுதான். கதவுத் திறப்புக்கு ஒரு சிறு தொகை கேட்கலாம். அது புதுத் திறப்பு வெட்டும் செலவைத் தாண்டக்கூடாது, திறப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது உங்களுக்கு வர வேண்டும்.

மற்றதெல்லாம்? விண்ணப்பக் கட்டணம் கேட்கக்கூடாது. சேதத்துக்கான முற்பணமும் கேட்கக்கூடாது. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் "இங்க எல்லாரும் கட்டுறதுதானே" என்பார். அவர் நாட்டில் சரி, ஒன்ராறியோவில் சரியல்ல. நான் முதன்முதல் விண்ணப்பித்த ஒரு கட்டடத்தில் "கோப்புச் செலவு" என்று 75 டொலர் வாங்கினார்கள். ரசீதில் அப்படியே எழுதியும் தந்தார்கள். அது சட்டவிரோதம் என்பது எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

கடைசி மாத முற்பணத்தைச் சுவரில் கீறல் விழுந்தது, அடுப்பு அழுக்கு என்று வெட்ட முடியாது. அது கடைசி மாத வாடகைக்கு மட்டுமே. வருடந்தோறும் அதற்கு வட்டியும் உண்டு. அரசாங்கம் அந்த வருடம் அறிவிக்கும் வாடகை உயர்வு வீதமே வட்டி வீதம். 12 பின்திகதியிட்ட காசோலைகளை விரும்பினால் கொடுக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது.

விண்ணப்பத்தை மறுத்தால் கொடுத்த முற்பணம் முழுவதும் திரும்ப வேண்டும். ஆனால் அவர்கள் ஏற்றுக்கொண்ட பின் நீங்கள் மனம் மாறினால் கதை வேறு. பல கம்பனிகளின் விண்ணப்பப் படிவம், ஏற்றுக்கொண்டதும் உங்களைக் கட்டுப்படுத்தும்படியே எழுதப்பட்டிருக்கும். இரண்டு கட்டடங்களில் ஒரே நேரத்தில் முற்பணம் கட்டி, எது முதலில் கிடைக்கிறதோ பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

வீட்டை உள்ளே போய்ப் பார்க்காமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். கம்பனியின் படத்தைத் திருடிப் பொய் விளம்பரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பனியின் சொந்த இணையத்தளத்திலுள்ள இலக்கத்துக்கு அழைத்து, வீடு உண்மையில் காலியா என்று கேளுங்கள்.

கட்டடத்தைப் பற்றி என்ன கேட்க வேண்டும்?

நீச்சல் குளம் உண்டா, உடற்பயிற்சி அறை உண்டா என்று கேட்போம். அதற்கு முன் கேட்க வேண்டியது: "இந்த வீட்டில் முதன்முதல் ஆள் குடியேறியது எப்போது?"

2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடியேறிய புதிய கட்டடங்களுக்கு வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு இல்லை. பழைய கட்டடங்களுக்கு உண்டு. 2025இல் அது 2.5 வீதம், 2026இல் 2.1 வீதம். 2,200 டொலர் வாடகைக்கு 2.1 வீதம் என்றால் மாதம் 46 டொலர் 20 சதம் கூடும். புதிய கட்டடத்தில் அடுத்த வருடம் 400 டொலர் கூட்டினாலும் தடுக்கச் சட்டத்தில் வழி இல்லை. இரண்டுக்கும் பொதுவான காவல் இவ்வளவுதான்: 12 மாதத்துக்கு ஒரு முறைதான் கூட்டலாம், 90 நாள் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். என்னைக் கேட்டால், லிஃப்ட் முக்கி முனகினாலும் 1970களில் கட்டிய கட்டடத்தையே எடுப்பேன்.

"ஒரு மாதம் இலவசம்" என்று விளம்பரம் இருந்தால், அந்தச் சலுகையைப் பன்னிரண்டாகப் பிரித்து மாத வாடகையைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வாடகைதான் அடுத்த உயர்வுக்கு அடிப்படை. ஹைட்ரோ (இங்கே மின்சாரத்துக்கு அதுதான் பெயர்) வாடகைக்குள் அடங்குமா, தனி மீட்டரா என்றும் கேளுங்கள். மின்சாரத்தில் சூடாக்கும் வீடென்றால் ஜனவரி மாதத்துச் சிட்டை கையைச் சுடும்.

ரொறன்ரோ நகருக்குள் என்றால் இன்னொரு வசதி. மூன்று மாடியும் பத்து வீடும் அல்லது அதற்குமேல் உள்ள வாடகைக் கட்டடங்களை 2017 முதல் ரென்ட்சேஃப் என்ற திட்டத்தில் மாநகராட்சி மதிப்பிடுகிறது. முகவரியைக் கொண்டு மாநகராட்சியின் தளத்தில் அந்தக் கட்டடத்தின் புள்ளியைப் பார்க்கலாம். குடிவந்த பின் கரப்பான், ஒழுக்கு என்று முறையிட்டும் அலுவலகம் அசையாவிட்டால் 311க்கு அழைக்கலாம்.

மறுத்துவிட்டால்?

ஏன் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். கடன் வரலாறு காரணம் என்றால், எந்த நிறுவனத்தின் அறிக்கை என்று கேட்டு, பிழையிருந்தால் திருத்தி மீண்டும் விண்ணப்பிக்கலாம். இனம், பிறந்த நாடு, குடியுரிமை, மதம், பிள்ளைகள் இருப்பது, அரச உதவிப் பணம் பெறுவது ஆகியவை காரணமாக மறுக்கக்கூடாது. "சின்னப் பிள்ளைகள் சத்தம் போடும்", "உங்கட சமையல் மணம் மற்றவர்களுக்கு ஒத்துவராது" போன்ற பேச்சுகளைத் திகதியுடன் எழுதி வையுங்கள். மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போக ஒரு வருட அவகாசம் உண்டு.

கையெழுத்து வைக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

2018 ஏப்ரல் 30 முதல் வாடகை ஒப்பந்தத்துக்கு அரசாங்கமே ஒரே மாதிரியான படிவம் வைத்திருக்கிறது. அதன் பின்னால் கம்பனி இணைக்கும் பக்கங்களைத்தான் ஊன்றி வாசிக்க வேண்டும். சட்டத்துக்கு முரணான வரிகள், "செல்லப்பிராணி கூடாது" என்பது உட்பட, நீங்கள் கையெழுத்து வைத்தாலும் செல்லாது. வீட்டுப் பொருட்களுக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். அந்தக் காப்புறுதியை எடுப்பது உங்களுக்கும் நல்லது.

யாருடைய பெயர்கள் என்பதையும் யோசியுங்கள். அப்பாவின் பெயர் மட்டும் இருந்து அவர் ஊரோடு போய்விட்டால், அம்மாவுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, கூட இருக்கும் வளர்ந்த மகனுக்கு இல்லை. மகனின் பெயரையும் சேர்த்தால் உரிமை வரும். ஆனால் முழு வாடகைக்கும் இருவருமே பொறுப்பு.

ஒரு வருடம் முடிந்ததும் புது ஒப்பந்தம் போட வேண்டும் என்பார்கள். வேண்டியதில்லை. பழையதே மாதம் மாதமாகத் தானாகத் தொடரும். அதன் பிறகு போக நினைத்தால் 60 நாள் முன்பே எழுத்தில் அறிவித்தால் போதும்.

திறப்பு கிடைக்கும் நாளில்?

தளபாடம் ஏற்றுமுன் வெறும் வீட்டை அறை அறையாகப் படமெடுங்கள். குளியலறைச் சீலிங், அடுப்பின் உட்புறம், யன்னல் வலை எல்லாவற்றையும். அன்றிரவே அவற்றை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். சாமான் ஏற்ற லிஃப்டை முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். மாதத்தின் முதல் நாளும் கடைசி நாளும் எல்லோரும் கேட்கும் நாட்கள், ஆகவே கையெழுத்து வைக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பால் காய்ச்சிச் சாம்பிராணி காட்டுவீர்கள் என்றால் யன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போட்டுக்கொள்ளுங்கள். புகை எச்சரிக்கைக் கருவி கத்தும். அதன் பற்றரியைக் கழற்றாதீர்கள், தீயணைப்புச் சட்டப்படி அது குற்றம். ஒரு துவாயை எடுத்து விசிறுங்கள், அடங்கிவிடும்.