ஒயின் ஷாப்பில் ஒயின் கேட்காதீர்கள்!

மதுரையில் 'ஒயின் ஷாப் எங்கே இருக்கு?' என்று கேட்டால் சின்னப் பையன்கூட கை காட்டுவான். அங்கே போய், 'ஒயின் இருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். கவுன்டர்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பிராந்தி உண்டு, ரம் உண்டு, பீர் உண்டு. கடைக்குப் பேர் கொடுத்த அந்தச் சரக்கு மட்டும் மேல் தட்டில், தூசி படிந்து, ஒன்றோ இரண்டோ கிடந்தால் உங்கள் அதிர்ஷ்டம். நெய் தோசை போர்டு மாட்டிய கடையில் டால்டா வாசம் அடிக்குமே, அந்தக் கதைதான்!

இத்தனைக்கும் ஒயின் மதுரைக்குப் புதுசு இல்லை. இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்று ஒரு பாண்டியன். யவனர்கள் கப்பலில் கொண்டுவந்த குளிர்ந்த மதுவைப் பொன் கிண்ணத்தில் ஊற்றித் தர, தினமும் குடித்து இனிதாக இருப்பாயாக என்று அவனை நக்கீரர் வாழ்த்துகிறார். புறநானூற்றில் 56-வது பாட்டு. வைகை கடலில் சேரும் பக்கத்தில் உள்ள அழகன்குளத்தில் தோண்டியபோது, ரோமானியர் ஒயின் ஊற்றி அனுப்பும் ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. ஆக, ஃபாரின் சரக்கு மோகம் நமக்கு 2,000 வருஷத்துப் பழசு.

இந்த ஆராய்ச்சியெல்லாம் எனக்கு எதற்கு? வடபழஞ்சி ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவரால் வந்தது. கம்பெனி அவரை 2 வாரம் பார்சிலோனாவுக்கு அனுப்புகிறது. நடுவில் ஒரு சனிக்கிழமை லீவு. அந்த ஒரு நாளில் பக்கத்து ஒயின் தோட்டங்களைப் பார்த்துவிட வேண்டுமாம். செல்போனை நீட்டினார். அதில் பதினேழு டூர்!

"அண்ணே, நீங்க பி.காம். படிச்சவரு. இதுல எது லாபம்னு பார்த்துச் சொல்லுங்க."

"குடிக்கவா, பார்க்கவா?"

"ரெண்டுக்குந்தாண்ணே..."

"அப்ப மொதல்ல அரப்பாளையத்துல கம்பம் பஸ் ஏறு."

தம்பி முகம் தொங்கிவிட்டது. நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. திராட்சைத் தோட்டம் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் டூர் போகிறவர்களுக்கு, கைடு சொல்வதெல்லாம் வேத வாக்கு. கம்பத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவன் நாலு கேள்வி கேட்பான்.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் எல்லாம் தாண்டிக் கம்பம். (ரயில் பிரியர்கள் தேனி வரை ரயிலில் போகலாம். 2010-ல் நிறுத்திய பாதை, அகலப்பாதையாகி 2022-ல்தான் திரும்ப வந்தது.) கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகிற வழியில் சுருளிப்பட்டி. ரெண்டு பக்கமும் கல் தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தல். பந்தலுக்கு அடியில் குனிந்து நுழைந்தால் வெயில் போன இடம் தெரியாது. கறுப்புக் கொத்துகள் நெற்றியில் இடிக்கும். இதுதான் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை.

இதன் பாஸ்போர்ட் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 19-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது என்பது இதன் வரலாறு. ஐரோப்பாவில் இலை கொட்டி, குளிரில் தூங்கி, வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை காய்க்கிற கொடி, நம்மூர் வெயிலுக்கு வந்ததும் தூக்கத்தையே மறந்துவிட்டது. கவாத்து செய்து விட்டால் சுமார் 4 மாதத்தில் பழம். பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வேறு வேறு மாதத்தில் கவாத்து செய்வதால், ஒரு தோட்டத்தில் பூ, அடுத்ததில் பிஞ்சு, அதற்கடுத்ததில் அறுவடை. வருஷம் பூராவும் ஏதாவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். இதை அந்த ஸ்பெயின்காரரிடம் சொன்னால் நம்பமாட்டார்.

தண்ணீர்? 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு. அந்தத் தண்ணீர் திராட்சையை நனைத்துவிட்டு, வைகையில் சேர்ந்து, மதுரைப் பக்கம் வந்து நம் வயலையும் குழாயையும் நனைக்கிறது. ஒரு வகையில் நாம் எல்லாருமே பங்காளிகள்தான்.

தோட்டக்காரரிடம் விலை கேட்டுப் பாருங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. பன்னீர் திராட்சைக்குத் தோல் மெலிசு. பறித்த பிறகு அதிக நாள் தாங்காது. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். வியாபாரி இன்றைக்கு என்ன விலை சொல்கிறாரோ அதற்குத் தள்ளிவிட்டாக வேண்டும். 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று சொல்லும் வசதி இல்லாத சரக்கு! ஐரோப்பாக்காரன் ஒயின் செய்வதன் பொருளாதாரமே இதுதான். அழுகும் பழத்தை, வருஷக்கணக்கில் பீரோவில் வைத்து விற்கிற பண்டமாக மாற்றிவிட்டான். நம் ஊரில் அந்த வழி குறுகல். 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். விவசாயி தன் தோட்டத்தில் நாலு நாற்காலி போட்டு, 'வாங்க சார், நம்ம பழத்துல செஞ்சது, ருசி பாருங்க' என்று ஊற்றிக் கொடுத்தால், அடுத்த ஜீப் போலீஸ் ஜீப்பாக இருக்கும். மகாராஷ்டிரம் 2001-ல் ஒயினுக்கென்றே தனிக் கொள்கை போட்டு வரியில் சலுகை கொடுத்தது; நாசிக் வளர்ந்தது. மது வேண்டுமா, வேண்டாமா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. கணக்கை மட்டும் சொன்னேன்.

சரி, இனி பார்சிலோனா.

தம்பியின் பதினேழு டூரையும் சலித்தால் மூன்று வகைதான் தேறியது. முதல் வகை, காலையில் பஸ்ஸில் ஏற்றி, மொன்செராட் மலை மடத்தைக் காட்டி, சாயங்காலம் ஏதோ ஒரு ஒயின் ஆலையில் இறக்கி, ரெண்டு கிளாஸ் கொடுத்து, அங்கேயே இருக்கும் கடைக்குள் தள்ளிவிடுவது. நம்மூர் டூரிஸ்ட் பஸ்காரர்கள் காஞ்சிபுரத்தில் சேலைக் கடைக்கு அழைத்துப் போகிற அதே டெக்னிக். மலை பிரமாதம், ஒயின் சும்மா தொட்டுக்கொள்ள.

இரண்டாவது, தெற்கே ரொம்ப தூரம் போய் பிரியோராட். கறுத்த சிலேட்டுக் கல் மலைச்சரிவில், மண்ணே இல்லாத மாதிரி இடத்தில் திராட்சை. 12-ம் நூற்றாண்டில் துறவிகள் மடம் கட்டிக் கொடி நட்ட ஊர். நடுவில் பாழாகி, 1980-களின் கடைசியில் சில இளைஞர்கள் போய் மறுபடி உயிர் கொடுத்தார்கள். ஸ்பெயினிலேயே மிக உயர்ந்த தரச் சான்று ரெண்டே ரெண்டு பகுதிக்குத்தான். அதில் இது ஒன்று. போக ரெண்டு மணி நேரத்துக்கு மேல், வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல். தனிக் கார் வேண்டும். கல்யாணமாகி, மாமனார் செலவில் போகிறவர்களுக்கு ஏற்றது.

மூன்றாவது, பெனடெஸ். பார்சிலோனாவில் லோக்கல் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் சன்ட் சதுர்னி என்ற சின்ன ஊர். நுரை பொங்கும் 'காவா' ஒயினின் தலைநகரம். 1872-ல் இங்கேதான் ஜோசப் ரவென்டோஸ் என்பவர் பிரான்ஸின் ஷாம்பெயின் முறையில் உள்ளூர்த் திராட்சையை வைத்து முதல் பாட்டில்களைச் செய்தார். பாட்டிலுக்குள்ளேயே ரெண்டாவது தடவை நொதிக்க விட்டு, குறைந்தது 9 மாதம் இருட்டில் படுக்க வைத்து, கசடைக் கழுத்துக்கு இறக்கி, கழுத்தை மட்டும் உறைய வைத்து, மூடியைத் திறந்ததும் கசடு 'டப்'பென்று வெளியே! ஃப்ரெஷெனெட் ஆலை ரயில்வே ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது. கொடோர்னியு ஆலைக் கட்டடம் கொஞ்ச தூரம். புய்க் இ கடஃபால்க் என்ற பெரிய கட்டடக் கலைஞர் கட்டியது, கோயில் மாதிரி இருக்கும்.

"இதுக்கே போயிரு"ன்னு சொன்னேன். ஆனால் பெரிய ஆலையோடு நிறுத்தாதே என்றும் சொன்னேன். அங்கேயும் நம்ம கம்பம் கதைதான். சின்ன விவசாயிகள் கிலோ கணக்கில் பழத்தைப் பெரிய கம்பெனிகளுக்குப் போடுகிறார்கள். விலை கட்டவில்லை என்ற புலம்பல் அங்கேயும் உண்டு. 2021-லிருந்து 2024 வரை காட்டலோனியாவை வறட்சி வாட்டியபோது கொடிகள் கருகின. பெரிய கம்பெனியே 2024-ல் நூற்றுக்கணக்கான ஊழியர்களைத் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பப் போவதாக அறிவித்தது. இந்த நிலைமையில் சொந்தப் பழத்தில் சொந்தமாக ஒயின் செய்து, வீட்டுத் திண்ணையில் வைத்து ஊற்றிக் கொடுக்கிற குடும்பங்களுக்கு நம் டிக்கெட் காசு நேராகப் போகும். முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். திடீரென்று போய்க் கதவைத் தட்டினால், அவர் டிராக்டரில் இருப்பார்.

இப்போது பி.காம். மூளை. டிக்கெட் விலையைப் பார்க்காதே. எத்தனை கிளாஸ், ஒரு கிளாஸில் எத்தனை மில்லி, சாப்பாடு உண்டா, தோட்டத்துக்குள் விடுவார்களா என்று பார். உதாரணத்துக்கு, 20 யூரோவுக்கு 2 கிளாஸ் என்றால் கிளாஸ் 10 யூரோ. 30 யூரோவுக்கு 5 கிளாஸும் ரொட்டி, சீஸும் என்றால் கிளாஸ் 6 யூரோதான். விலை ஜாஸ்தியான டூர்தான் மலிவு! 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தால் மட்டும் ஓடிவிடு. நல்ல சரக்கு வைத்திருப்பவன் அன்லிமிடெட்டாக ஊற்றமாட்டான்.

குவார்ட்டர் கணக்கு பழகிய நண்பர்களுக்கு ஒரு கணக்கு. 42.8 சதவீதச் சரக்கு 180 மில்லியில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. 12 சதவீத ஒயின் ஒரு முழு பாட்டிலில், 750 மில்லியில், 90 மில்லி. டேஸ்டிங்கில் 50 மில்லி வீதம் 4 கிளாஸ் என்றால் மொத்தமே 24 மில்லி. அதாவது மூன்றில் ஒரு பங்கு குவார்ட்டர்கூட இல்லை. 'ஏத்திக்க' வருகிறவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். அதையும் மேஜை மேல் வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பலாம். தொழில்காரர்கள் எல்லாரும் துப்புகிறார்கள். "காசு கொடுத்து வாங்கினதைத் துப்புறதாண்ணே?" என்று தம்பி அதிர்ந்தார். வெற்றிலை போடும் தாத்தா பக்கத்தில் படிக்கம் இருந்ததே, அதேதான் இது. குடிக்காதவர்கள் தைரியமாகப் போகலாம். மோந்து பார்த்தாலே பாதி விஷயம் முடிந்தது.

எப்போது போவது? அங்கே அறுவடை செப்டம்பரை ஒட்டி. ஜனவரியில் போனால் மொட்டைக் குச்சியைத்தான் பார்ப்பீர்கள். கம்பெனி அனுப்பாத என்னைப் போன்ற ஜீவன்களுக்கு நாசிக். அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. அதைவிடக் கிட்டே, பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரம். 1988-ல் தொடங்கிய குரோவர் கம்பெனியின் தோட்டம் தொட்டபள்ளாப்பூர் பக்கம் இருக்கிறது. மதுரை - பெங்களூர் வந்தே பாரத் 2024 ஆகஸ்டிலிருந்து ஓடுகிறது. வெள்ளிக்கிழமை லீவு போட்டால் ஞாயிறு ராத்திரி வீடு. ஆனால் பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அனுமதியில்லாமல் வெளி மாநிலச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவந்தால் வழக்கு. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிறவர் மட்டும் 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம்.

தம்பிக்கு இன்னொரு நல்ல சேதியும் சொன்னேன். நம்ம பன்னீர் திராட்சையின் பெற்றோரில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா. அது காட்டலோனியாவில் 'மொஸ்கதெல்' என்ற பேரில் வளர்கிறது. எங்காவது அந்த ஒயின் ஊற்றினால் மோந்து பார். சுருளிப்பட்டி வாசம் வரும்.

அங்கே 'பொர்ரோ' என்று ஒரு கண்ணாடிச் சாமான் வைத்திருப்பார்கள். பூவாளி மாதிரி மூக்கு நீண்டிருக்கும். ஒரே பாத்திரத்தை எல்லாரும் சுற்றுக்கு விடுவார்கள். யாரும் வாய் வைப்பதில்லை. அண்ணாந்து, தூரத்திலிருந்து தாரையாக வாய்க்குள் ஊற்றிக்கொள்வது. வெள்ளைக்காரர்கள் சட்டையெல்லாம் நனைத்துக்கொள்வார்களாம். சின்ன வயசிலிருந்து செம்பைத் தூக்கிக் குடித்துப் பழகிய நம் தம்பிக்கு அங்கே கப்பு நிச்சயம்!

"வரும்போது பாட்டில் வேண்டாம்ணே, அந்தப் பொர்ரோ ஒண்ணு வாங்கிட்டு வரேன்" என்றார்.

"அம்மா கேட்டா என்ன சொல்லுவ?"

"தோசைக்கு எண்ணெய் ஊத்தன்னு சொல்லிருவேன்."