நாமும் நாங்களும்

ஆத்திரேலியாவின் வடமுனைக்கும் நியூகினிக்கும் இடையே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலத்தில் கிடக்கிறது டோரசு நீரிணை. அதிலுள்ள தீவுகள் 270-க்கும் மேல். மக்கள் வாழ்வனவோ மிகச் சில. அத்தீவுப் பள்ளிகளை 2007-இல் ஒரே நிறுவனமாக இணைத்தபோது அதற்குத் தகாய் எனப் பெயரிட்டனர். தகாய், விண்ணிலே படகில் நிற்கும் வீரன். தென்சிலுவை விண்மீன்கள் அவனது இடக்கை. கடலோடிக்குத் திசை காட்டும் அக்கை கடலில் தாழ்ந்தால் மழைக்காலம் அண்மையில் என்று தீவினர் அறிவர்.

தொடக்கக் கல்வி பெரும்பாலும் பிறந்த தீவிலேயே முடிகிறது. பின்னர், ஆங்கிலத்தில் வியாழக்கிழமையின் பெயரைத் தாங்கிய வைபென் தீவுக்கோ, கெயின்சு, டவுன்சுவில் நகர விடுதிகளுக்கோ பிள்ளைகள் புறப்படுகின்றனர். இத்தீவுகள் அடங்கிய குயின்சுலாந்து மாநிலத்தில் 2015 முதல் ஏழாம் வகுப்பே உயர்நிலைப் பள்ளியின் முதற்படி. பன்னிரண்டு அகவையில் வீடு, கடல், பாட்டி மூன்றையும் பிரிவது சிறு செயலன்று.

இப்பெயர்ச்சியில் எந்நாட்டுப் பிள்ளையும் தடுமாறும். இதற்கு உளவியலாளர் சாக்குலின் எக்கிள்சும் அவருடைய குழுவினரும் 1993-இல் தந்த விளக்கம் எளியது: வளரிளம் பருவத்தார் தம் உரிமையையும் பெரியோரின் அணுக்கத்தையும் மிகுதியாக நாடும் அதே வேளையில், உயர்நிலைப் பள்ளி அவ்விரண்டையும் குறைத்துவிடுகிறது. ஒரே ஆசிரியை போய், மணிக்கொருவராகப் பலர் வருகின்றனர்.

தொல்குடிப் பிள்ளைக்கு இதனோடு செவியும் ஒரு தடை. நடுச்செவியில் நீர் கோத்தால் செவிப்பறையும், சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் நுண்ணெலும்புகளும் தடையின்றி அதிர இயலா, ஒலி மழுங்கும். ஓரிடத்துப் பிள்ளைகளுள் 4 விழுக்காட்டிற்கு மேல் நாட்பட்ட சீழ்வடி செவிநோய் இருப்பின் அது உடனே தீர்க்க வேண்டிய பொதுநலச் சிக்கல் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் அளவுகோல். ஆத்திரேலிய வடபுலத்தின் தொலைவூர்கள் பல நெடுங்காலமாக அதனைத் தாண்டி நிற்கின்றன. சிற்றூர் வகுப்பில் ஆசிரியையின் உதட்டசைவைப் பார்த்தே பிள்ளை ஈடுகட்டிவிடும். உயர்நிலைப் பள்ளியிலோ, மின்விசிறி இரைகிறது; ஆசிரியர் கரும்பலகையை நோக்கியபடியே பேசுகிறார். கடைசி வரிசைப் பையன் விடை சொல்லவில்லை. ‘கவனமற்றவன்’ என்னும் பட்டம் அன்றே ஒட்டிக்கொள்கிறது.

மொழிச் சிக்கல் இதனினும் நுட்பமானது. தீவினரின் பொதுமொழி யும்ப்லாட்டோக். அதன் சொற்கள் பல ஆங்கிலத்திலிருந்து வந்தவை. ஆதலின் அதனைப் பிழைபட்ட ஆங்கிலம் என்றே நகரத்து ஆசிரியர் பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அதற்குத் தனி இலக்கணம் உண்டு. ‘யும்ப்லா’ என்றால் கேட்போரையும் உளப்படுத்திய நாம். ‘மிப்லா’ என்றால் கேட்போர் நீங்கலான நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்தான். தமிழர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதே இல்லை! இத்துணை நுண்ணிய மொழியோடு வருபவனுக்குச் சிவப்பு மையால் திருத்தம் போடுவது அறியாமை என்றே சொல்வேன்.

சியாப்ரி போர்மன் குழுவினர் 2019-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வொன்று இங்கு நினைக்கத்தக்கது. பதினொரு நடுநிலைப் பள்ளிகளில், முந்தைய ஆண்டு மாணவர்களின் பட்டறிவைப் புதியவர்கள் படித்தனர். தொடக்க அச்சம் எல்லார்க்கும் உரியது, அது தணியும் என்பதே அதன் சாரம். பின்னர்த் தம் எண்ணத்தைச் சிறிது எழுதினர். வருகை கூடிற்று, தோல்வி குறைந்தது. அவர்கள் தீவுப் பிள்ளைகள் அல்லர். முடிவை அப்படியே இங்குப் பொருத்தலாகாது. ஆயினும், சென்ற ஆண்டு அதே விடுதிக்கு வந்த தீவு மாணவி தன் அச்சத்தை யும்ப்லாட்டோக்கிலேயே சொல்லக் கேட்டால் புதியவளின் நெஞ்சுரம் வளரும் என்று கருத இடமுண்டு.

அச்சத்தைத் தோழமை தணிக்கலாம்; முன்சொன்ன செவித்தடைக்குச் சோதனை வேண்டும். அதுவோ முதற்பருவத் தேர்வு முடிந்தபின் நடந்தால் காலங்கடந்ததே. பள்ளி திறக்குமுன் அது முடிந்து, அதன் குறிப்பு ஒவ்வோர் ஆசிரியர் கையிலும் இருத்தல் வேண்டும்.