ஒரு மூடி... 110 உயிர்!

ஃப்ளைட்ல காற்றழுத்தம் குறைஞ்சா, தலைக்கு மேலேர்ந்து ஆக்சிஜன் மாஸ்க் விழும்னு தெரியும்தானே? பல விமானங்களில் அதற்கு ஆக்சிஜன் தருவது ஒரு குட்டி கெமிக்கல் டப்பா. வேலை செய்ய ஆரம்பித்தால் செம சூடாகிவிடும். அதனால், கழற்றியதும் அதன் முனையில் பிளாஸ்டிக் மூடி மாட்டணும்.

1996-ல், அமெரிக்காவின் மயாமியில் பழைய டப்பாக்களைக் கழற்றிய ஒர்க்‌ஷாப்பில் மூடி கைவசம் இல்லை. ஆனாலும், 'மாட்டியாச்சு' என வேலை அட்டையில் கையெழுத்து விழுந்தது! சரக்குச் சீட்டில் 'காலி' என்று எழுதி, வேல்யூஜெட் 592-ல் ஏற்றிவிட்டார்கள். மே 11. கிளம்பிய பத்து நிமிடத்துக்குள் சரக்கு அறையில் தீப்பிடித்து, விமானம் சதுப்புநிலத்தில் விழுந்தது. 110 பேரும் பலி. உயிர் காக்கும் கருவியே எமனானது!

செய்யாத வேலைக்கு 'டிக்' அடிக்க லேப்லயே பழகிடாதீங்க ஃப்ரெண்ட்ஸ்!