இருளில் ஒலித்த இசை

கலை என்பது அமைதிக் காலத்துக்கு மட்டுமே உரிய அலங்காரமா? துன்பம் சூழும் வேளையில் அதற்குப் பணி ஏதும் இல்லையா? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் இங்கிலாந்து நாட்டுப் பியானோ மேதை மைரா ஹெஸ் அம்மையார்.

இவர் 1890ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் லண்டன் மாநகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ராயல் இசைக் கலைக்கழகத்தில் டோபியஸ் மாத்தே என்னும் ஆசானிடம் பயின்றார். 1907இல், பதினேழாம் வயதில், பீத்தோவனின் நான்காம் பியானோ கன்செர்ட்டோவை வாசித்து அரங்கேறினார். ஆயினும் புகழ் உடனே வந்து சேரவில்லை. பல ஆண்டுகள் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தே காலம் தள்ளினார். 1922இல் அமெரிக்கா சென்று வாசித்த பின்னரே உலகம் அவரை அறிந்தது.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. லண்டனில் இசையரங்குகள் மூடப்பட்டன. தேசிய ஓவியக் கூடத்துப் படங்களெல்லாம் பாதுகாப்புக்காக அகற்றப்பட்டன. அம்மையார் தமது அமெரிக்கப் பயணத்தைக் கைவிட்டார். வெறுமையாய் நின்ற அக்கூடத்தில் மதிய வேளையில் கச்சேரி நடத்த அனுமதி கேட்டார். அதன் இயக்குநர் கென்னத் கிளார்க், என்றோ ஒரு நாள் வேண்டாம், தினமும் நடத்துங்கள் என்றார்.

அக்டோபர் 10ஆம் நாள் முதல் கச்சேரி. கட்டணம் ஒரே ஒரு ஷில்லிங். சிலரே வருவர் என்று எண்ணிய இடத்தில் ஏராளமானோர் திரண்டனர். குண்டுமாரி பொழிந்த நாட்களில் கச்சேரி நிலவறைக்கு மாறியதேயன்றி நிற்கவில்லை. 1946 ஏப்ரல் வரை 1,698 கச்சேரிகள் நடந்தன; எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கேட்டு மகிழ்ந்தனர். ஏறக்குறைய 150 கச்சேரிகளில் தாமே வாசித்த அம்மையார், தமக்கென ஊதியம் எதுவும் பெறவில்லை.

இன்னொன்றும் நாம் கருதத் தக்கது. குண்டு வீசியது ஜெர்மனி. அங்கே ஒலித்ததோ ஜெர்மானியரான பாக், பீத்தோவன் ஆகியோரின் இசை! பாக் இயற்றிய, இயேசுவைப் போற்றும் பாடலொன்றை அம்மையார் பியானோவுக்கென அமைத்தார். அது இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. பகைமை மண்ணுக்கு உண்டு, இசைக்கு இல்லை என்பதை அவர் சொல்லாமல் செய்து காட்டினார்.

1941இல் அரசு அவருக்கு 'டேம்' என்னும் உயர் விருது வழங்கியது. 1965 நவம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தார்.

நாம் கற்கும் கலை சிறிதாயினும் ஆகுக. பிறர் மனம் சோர்ந்திருக்கும் நேரத்தில் அதை எடுத்து வழங்குவோமானால், நாம் கற்றது வீணாகாது.